பன்னிரண்டு மாதமும் சைக்கிள்

இந்த வண்டிக்குத் தமிழில் பெயருக்குப் பஞ்சமே இல்லை. துவிச்சக்கர வண்டி என்பார்கள் பழைய மனிதர்கள். ஈருருளி என்பார்கள் தனித்தமிழ் அன்பர்கள். நான் பதினோராம் வகுப்பில் படித்தபோது அரசாங்கம் எனக்கு ஒன்று கொடுத்தது. அன்று பள்ளிக்கூட மேடையில் கட்டியிருந்த துணியில் ‘விலையில்லா மிதிவண்டி’ என்று கண்டிருந்தது. எங்கள் வீட்டில் இவற்றுள் ஒன்றும் செல்லாது. சைக்கிள்தான். ஆகவே இக்கட்டுரையிலும் சைக்கிள் என்றே எழுதப் போகிறேன். சங்கத்துப் பெரியோர் பொறுத்தருள்வார்களாக.

இரசாயனத்தில் எம்.எஸ்ஸி. இரண்டாம் ஆண்டு படிக்கிறேன். மாடல் டவுனில் ஓர் அறையில் வாசம். அங்கிருந்து எங்கள் துறைக்கு நாலு கிலோமீட்டருக்குச் சற்று மேல் இருக்கும். கிங்ஸ்வே காம்ப் நாற்சந்தியைத் தாண்டி, மால் ரோட்டில் கொஞ்ச தூரம் உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு போய், சாத்ர மார்க்கில் திரும்பிவிட்டால் அப்புறம் மரநிழல். (கிங்ஸ்வே காம்ப்புக்குக் குரு தேக் பகதூர் நகர் என்று பெயர் மாறி எத்தனையோ காலமாயிற்று. ரிக்‌ஷாக்காரர்களுக்கு அந்தச் செய்தி இன்னும் எட்டவில்லை.) மிதித்தால் இருபது நிமிஷம். ஊருக்குத் திரும்பிய ஓர் அக்காவிடம் பழைய லேடீஸ் சைக்கிள் ஒன்றை வாங்கிச் சென்ற ஆண்டு ஆவணியில் தொடங்கினேன். ஆண்டு ஒன்று சுற்றி, இரண்டாவது பனிக்காலமும் வந்துவிட்டது.

"மெட்ரோ இருக்கிறது, மின்சார ரிக்‌ஷா இருக்கிறது, உனக்கேன் இந்தக் கஷ்டம்?" என்று சங்கத்துக்கு வரும் தோழிகள் கேட்கிறார்கள். கேட்டுவிட்டுப் பதிலையும் அவர்களே சொல்லிக்கொள்கிறார்கள். சிக்கனம் என்பார் சிலர். கொள்கை என்பார் சிலர். இரண்டும் அல்ல. 2019 அக்டோபரில் டில்லிப் பேருந்துகளில் பெண்களுக்குக் கட்டணம் நீங்கியது. சிக்கனம்தான் நோக்கமென்றால் பஸ் ஸ்டாண்டில் நின்றிருப்பேன். கொள்கைக்கோ, என் வயதில் இன்னும் வேளை வரவில்லை.

உண்மைக் காரணம் மிகச் சிறியது. குடுவைக்குள் நடக்கிற வினை கடிகாரம் பார்ப்பதில்லை. சில நாள் ஐந்து மணிக்கு விடுகிறது, சில நாள் எட்டரைக்கு. இரவு எட்டரை மணிக்கு ஒரு பெண் மின்சார ரிக்‌ஷாவில் ஏறுமுன் எத்தனை கணக்குப் போட வேண்டியிருக்கிறது என்பது இதைப் படிக்கிற பெண்களுக்குத் தெரியும். உள்ளே யார் யார் இருக்கிறார்கள், கடைசியில் இறங்குவது யார், எந்தச் சந்து வழியாகப் போகும்! சைக்கிளில் அந்தக் கணக்கெல்லாம் இல்லை. பூட்டைத் திறந்தேன், புறப்பட்டேன்.

இதை எனக்குக் கற்றுக் கொடுத்தவள் என் அம்மா. புதுக்கோட்டை ஜில்லாவில் 1991இல் அறிவொளி இயக்கம் தொடங்கியபோது அவளுக்கு வயது பதினேழு. எழுத்துச் சொல்லிக் கொடுக்க வந்தவர்கள், கூடவே பெண்களுக்குச் சைக்கிளும் சொல்லிக் கொடுத்தார்கள். அப்போது கலெக்டராயிருந்த ஷீலா ராணி சுங்கத் அம்மையார் அதற்கு மிகவும் துணை நின்றார். 1992 மார்ச் 8ஆம் நாள், மகளிர் தினத்தன்று, ஆயிரத்தைந்நூறு பெண்களுக்கு மேல் கொடி கட்டிய சைக்கிள்களில் மணியடித்துக்கொண்டு புதுக்கோட்டைத் தெருக்களில் போனார்கள். அம்மாவும் அந்தக் கூட்டத்தில் ஒருத்தி. லேடீஸ் சைக்கிள் எல்லாருக்கும் கிடைக்கவில்லை. அவள் கற்றது ஆண்கள் ஓட்டும் வண்டியில், முதலில் குரங்குப் பெடல், பிறகு புடவையை ஏற்றிச் செருகிக்கொண்டு பார் மேல். எங்கள் ஊருக்கு அன்று பஸ் காலையில் ஒன்று, மாலையில் ஒன்று. அது தவறினால் அண்ணனோ தம்பியோ மனமிரங்கி ஏற்றிக்கொண்டு போக வேண்டும். சைக்கிள் வந்தபின் அவள் யாரையும் கேட்டு நிற்கவில்லை. அந்தப் பாரிலேயே துண்டைச் சுற்றி என்னை உட்கார வைத்துச் சந்தைக்கு அழைத்துப் போயிருக்கிறாள்.

அப்பேர்ப்பட்டவள், நான் டில்லியில் சைக்கிள் வாங்கிவிட்டேன் என்று தொலைபேசியில் சொன்னதும் என்ன சொன்னாள் தெரியுமா? "ஏ ஆத்தா, அது நம்ம ஊரு இல்ல. அங்க லாரிக்காரன் பாத்தா ஓட்டுறான்? நீ பஸ்ஸுலயே போயிரு." அவளைப் பெற்ற பாட்டி 1991இல் என்ன சொன்னாளோ, அதையே! இதை நான் எடுத்துச் சொன்னபோது, "எங்கம்மா சொன்னா நான் கேட்டேனா?" என்றாள். அதை அனுமதி என்றே எடுத்துக்கொண்டேன்.

பருவங்களைப் பற்றிச் சொல்ல வேண்டும். மழைக்காலத்தை விட்டுவிடலாம், குழி எங்கே இருக்கிறது என்பதை வெயில் காலத்திலேயே மனப்பாடம் செய்து வைத்தவர்களுக்கு அதில் ஆபத்தில்லை. வெயில் வேறு விஷயம். நம் ஊரில் வேகமாய் மிதித்தால் எதிர்க்காற்று சிலுசிலுவென்றிருக்கும். மே மாத டில்லியில் ‘லூ’ என்கிற காற்று 45 டிகிரியில் அடிக்கிறது. உடம்பின் சூடு 37. வேகமாய்ப் போனால் வேகமாய்ச் சுடுகிறது, அவ்வளவுதான். வியர்வை உலர்வது ஒன்றே காப்பு. அதற்குத் தண்ணீர் வேண்டும். இன்னொன்று: ஜனவரி விடியலின் 5 டிகிரிக்கும் மே மாதத்து 45 டிகிரிக்கும் நடுவே, ஒரே டியூபில் அடைபட்ட காற்றின் அழுத்தம் ஏழில் ஒரு பங்கு கூடும். இளநிலை வகுப்பில் இதைப் பரீட்சைக்காகப் படித்தேன். எங்கள் தெருமுனையில் பஞ்சர் ஒட்டுகிற சாச்சா, படிக்காமலே மே மாதத்தில் காற்றைக் குறைத்து அடிக்கிறார்.

அந்தச் சாச்சாவுக்குத் தர்பங்காப் பக்கம். என் ஹிந்தியில் பாதி அவரிடம் கற்றது. ஆகையால் அதில் கொஞ்சம் மைதிலி வாடை வீசும் என்று வகுப்பிலே சிரிக்கிறார்கள். மதராஸில் பெண்கள் எல்லாரும் சைக்கிள் ஓட்டுவார்களா என்று ஒரு நாள் கேட்டார். அம்மாவின் கதையைச் சொன்னேன். டியூபை உப்புத்தாளால் தேய்த்துக்கொண்டே கேட்டிருந்துவிட்டு, தம் மகளுக்கும் ஒன்பதாம் வகுப்பில் சர்க்கார் சைக்கிளுக்குப் பணம் கொடுத்தது என்றார். பீஹாரில் 2006 முதல் இப்படிக் கொடுக்கிறார்கள். மகள் அதில்தான் பள்ளிக்கூடம் போய் முடித்தாளாம். "இங்கே அழைத்து வந்தால் ஓட்ட விடுவீர்களா?" என்று கேட்டேன். சொலூஷன் காயட்டும் என்று ஊதினார், பதில் சொல்லவில்லை.

அவர் தயங்கியதில் நியாயம் இருக்கிறது. காலை எட்டு மணிக்கு மால் ரோட்டின் இடது ஓரத்தைப் பார்த்தால் சைக்கிள்களுக்குக் குறைவில்லை. ஹாண்டில் பாரில் சாப்பாட்டுத் தூக்கு தொங்க வேலைக்குப் போகிறவர்கள், பால்காரர்கள், இரவுக் காவல் முடிந்து திரும்புகிறவர்கள். ஒரு வாரம் எண்ணிப் பார்த்தேன். ஆண்களை எண்ணுவதை இரண்டாம் நாளே கைவிட்டேன். பெண்களுக்கு ஒரு கை விரல்களே போதுமாயிருந்தன. காரில் போகிறவர்கள் ஹார்ன் அடிப்பது பாதை கேட்டா, வேடிக்கைக்கா என்று இப்போது எனக்குச் சத்தத்திலேயே தெரியும். தெற்கு டில்லியில் 2008இல் அம்பேத்கர் நகரிலிருந்து மூல்சந்த் வரை பஸ்ஸுக்குத் தனி வழி போட்டார்கள். பக்கத்திலேயே சைக்கிளுக்கும் ஒரு வழி இருந்தது. 2016இல் அதைப் பெயர்த்துவிட்டார்கள். எங்கள் பக்கம் பெயர்ப்பதற்கும் ஒன்றுமில்லை. இடது ஓரம் என்று ஒன்று உண்டு. அதில் கார்களை நிறுத்தி வைத்திருக்கிறார்கள்.

ஆனால் என்னை நிஜமாகவே தடுமாற வைப்பது லாரியும் அல்ல, ஹார்னும் அல்ல, நவம்பர் மாதம். தீபாவளிப் புகை, வயலில் வைக்கோல் எரித்த புகை, வண்டிகளின் புகை எல்லாம் சேர்ந்திருக்கும். தரையை ஒட்டிய காற்று குளிர்ந்து, மேலே வெப்பக் காற்று மூடிபோல் நிற்பதால் புகை எழும்ப வழியில்லை. எங்கள் பல்கலைக் கழக வளாகத்துக்குள்ளேயே காற்றை அளக்கும் நிலையம் ஒன்றிருக்கிறது. அதன் எண்ணைத்தான் இப்போது காலையில் பல் விளக்குமுன் பார்க்கிறேன். 400ஐத் தாண்டினால் ‘கடுமை’ என்று பெயர்.

என் அறைத்தோழி திருநெல்வேலிக்காரி; கணக்கில் புலி. "சும்மா உட்கார்ந்திருக்கிறவள் நிமிஷத்துக்கு ஏழு லிட்டர் காற்று இழுப்பாள். நீ மிதிக்கிறபோது முப்பது லிட்டர். இருபது நிமிஷத்துக்கு அறுநூறு லிட்டர். யார் யாரோ விட்ட புகையை நீ நாலு பங்கு வாங்கிக்கொள்கிறாய். இதுதானாடி உன் சுதந்திரம்?" என்றாள். கணக்கில் பிழை இல்லை. நானும் திருப்பித் திருப்பிப் போட்டுப் பார்த்தேன். முகமூடி அணிந்தேன், மூச்சின் ஈரத்தில் அது பத்து நிமிஷத்தில் நனைந்து ஒட்டுகிறது. நேரத்தை மாற்றலாமா என்று பார்த்தேன். வெயில் ஏறி மூடி சற்றே திறப்பது நடுப்பகலில், ஆய்வுக்கூடமோ ஒன்பதுக்கு. கடைசியில் 400 என்று ஒரு கோடு போட்டுக்கொண்டேன். அதற்கு மேல் போனால் அன்று மெட்ரோ. இரவு திரும்புகையில் பழைய கணக்குகள் எல்லாம் மறுபடியும்.

அப்படி ஒரு நாள் காலை மெட்ரோவுக்கு நடந்தபோது, வழக்கமாய் என்னோடு வருகிறவர்கள் வழக்கம்போலவே போய்க்கொண்டிருந்தார்கள். வாயையும் மூக்கையும் சுற்றி ஒரு துண்டு, அவ்வளவுதான். எனக்குக் கோடு போட்டுக்கொள்ள வசதி இருக்கிறது. அவர்கள் வண்டியை நிறுத்தினால் அன்றைய கூலி நின்றுபோகும். சாச்சா முனையில் உட்கார்ந்து யாருக்கோ காற்று அடித்துக்கொண்டிருந்தார். "இன்றைக்கு வண்டி எங்கே, பிட்டியா?" என்றார். காற்று கெட்டிருக்கிறது என்றேன். பம்பைக் காட்டி, "இதிலும் அதே காற்றுத்தான்" என்று சொல்லிச் சிரித்தார். சிரித்து முடிப்பதற்குள் இருமல் வந்துவிட்டது.

இப்போது அம்மா தினமும் தொலைபேசியில் முதலில் கேட்பது, சாப்பிட்டாயா என்றல்ல. "இன்னைக்கு எத்தனை?" என்கிறாள். எண்ணைச் சொல்கிறேன். நேற்று 280. "ம்... சரி, மெதுவா மிதி" என்றாள். மாசி மாதத்தில் டில்லிக்கு வருகிறாளாம். பின் பிரேக் கட்டை தேய்ந்திருப்பதாக நான் வாய்தவறிச் சொல்லிவிட்டேன். அவள் வருவதற்குள் மாற்றி வைக்க வேண்டுமாம், யார் ஓட்டுவதற்கு என்று மட்டும் சொல்லவில்லை.