வாரம் 29 மணி நேரம்

அமெரிக்காவில் வாரத்துக்கு 30 மணி நேரம் வேலை பார்க்கிறவர் ஒரு ஜாதி. 29 மணி நேரம் பார்க்கிறவர் வேறு ஜாதி. இருவரும் ஒரே கடையில் ஒரே அலமாரியில்தான் சாமான் அடுக்குவார்கள். ஒரே மாதிரி முதுகு வலிக்கும். ஆனால் டாக்டரிடம் போகும்போதுதான் அந்த ஒரு மணி நேரத்தின் விலை தெரியும்.

2010-ல் வந்த ஒபாமாகேர் சட்டம்தான் இந்தக் கோட்டைப் போட்டது. 50 அல்லது அதற்கு மேற்பட்ட முழு நேரத் தொழிலாளர்கள் இருக்கும் நிறுவனம் அவர்களுக்கு இன்ஷூரன்ஸ் கொடுக்க முன்வர வேண்டும், இல்லையென்றால் அபராதம். முழு நேரம் என்றால் சராசரியாக வாரம் 30 மணி நேரம். இந்த விதி 2015-ல் இருந்து படிப்படியாக நடைமுறைக்கு வந்தது. 30-க்குக் கீழே வேலை பார்க்கிறவருக்கு முதலாளி எதுவும் கொடுக்க வேண்டியதில்லை. கொடுக்காவிட்டால் அபராதமும் இல்லை. பிறகென்ன? ஷிப்ட் அட்டவணை போடுகிற மேனேஜர்கள் 28, 29 என்று நிறுத்தக் கற்றுக்கொண்டார்கள்.

இதில் ஒரு வேடிக்கை உண்டு. அந்த நிறுவனத்தில் 50 பேர் இருக்கிறார்களா என்று எண்ணும்போது பகுதி நேரக்காரர்களின் மணிகளையும் கூட்டி, மாதம் 120 மணிக்கு ஒரு ஆள் என்று கணக்கில் சேர்த்துக்கொள்வார்கள். தலை எண்ணும்போது அவர்கள் ஆள். இன்ஷூரன்ஸ் கொடுக்கும்போது ஆள் இல்லை!

உடம்புக்கும் வேலைக்கும் ஏன் இப்படி முடிச்சுப் போட்டார்கள்? இது யாரும் உட்கார்ந்து யோசித்துச் செய்த ஏற்பாடு அல்ல. இரண்டாம் உலகப் போரின்போது, 1942-ல், விலைவாசி ஏறாமல் இருக்க சம்பள உயர்வுக்கு அரசாங்கம் கட்டுப்பாடு வைத்தது. ஆள் கிடைக்காமல் திண்டாடிய முதலாளிகள் சம்பளத்துக்குப் பதிலாக இன்ஷூரன்ஸைக் காட்டி ஆள் பிடித்தார்கள். முதலாளி கட்டும் பிரீமியத்துக்கு வரி கிடையாது என்பது 1954 வரிச் சட்டத்தில் உறுதியானது. போர் முடிந்து எண்பது வருஷம் ஆகிவிட்டது. முடிச்சு மட்டும் அவிழவில்லை.

ஒரு கணக்குப் போட்டுப் பாருங்கள். காலையில் ஒரு சூப்பர் மார்க்கெட்டில் வாரம் 25 மணி நேரம், மாலையில் ஒரு முதியோர் இல்லத்தில் 25 மணி நேரம் வேலை செய்கிற ஒரு பெண்மணியை எடுத்துக்கொள்வோம். மொத்தம் 50 மணி நேரம். அலுவலகத்தில் 40 மணி நேரம் உட்கார்ந்திருக்கிறவரைவிட அதிக உழைப்பு. ஆனால் சட்டத்தின் கண்ணில் அவர் இரண்டு இடத்திலும் பகுதி நேரம்தான். இரண்டு முதலாளிகளில் எவருக்கும் பொறுப்பு இல்லை. 25-ம் 25-ம் 50 என்பது இரண்டாம் வகுப்புக் குழந்தைக்குத் தெரியும். இந்தச் சட்டத்துக்குத் தெரியாது.

"பகுதி நேரக்காரர்களுக்கும் நாங்கள் இன்ஷூரன்ஸ் தருகிறோமே" என்று சில நிறுவனங்கள் சொல்லலாம். அந்த இன்ஷூரன்ஸைக் கொஞ்சம் பிரித்துப் பார்க்க வேண்டும். 2010 வாக்கில் பெரிய துரித உணவு நிறுவனங்கள் கொடுத்த சில திட்டங்களில் வருஷத்துக்கு 2,000 டாலர்தான் உச்சவரம்பு. அமெரிக்க ஆஸ்பத்திரியில் அந்தப் பணம் ஒரு நாளைக்கே காணாது. ஒபாமாகேர் அந்த மாதிரி வருட வரம்புகளை 2014-ல் இருந்து தடை செய்தது. ஆனால் ஆஸ்பத்திரியில் படுத்தால் நாளுக்கு இவ்வளவு, டாக்டரைப் பார்த்தால் இவ்வளவு என்று குறிப்பிட்ட தொகையை மட்டும் கொடுக்கிற திட்டங்களுக்கு அந்தத் தடை பொருந்தாது. அவை இன்றும் விற்பனையில் இருக்கின்றன. பில் எவ்வளவு வந்தாலும் அவர்கள் கொடுப்பது அதே தொகைதான். மீதி? நோயாளியின் தலையில். சம்பளத்தில் வாராவாரம் பிடித்திருப்பார்கள், பர்ஸில் அட்டையும் இருக்கும். அது எதற்கு உதவாது என்பது பில் வந்த பிறகுதான் புரியும்.

அவசர சிகிச்சைப் பிரிவில் பணம் இல்லையென்று திருப்பி அனுப்ப முடியாதே என்று கேட்கலாம். உண்மைதான். 1986 சட்டப்படி பரிசோதித்து, உயிருக்கு ஆபத்தில்லாத நிலைக்குக் கொண்டுவர வேண்டும். ஆனால் இலவசமாகச் செய்ய வேண்டும் என்று அந்தச் சட்டம் சொல்லவில்லை. பில் பின்னாலேயே வரும். தவிர, சர்க்கரை நோய்க்கும் ரத்த அழுத்தத்துக்கும் வேண்டியது மாதா மாதம் மாத்திரை. முற்றிப்போன பிறகு கிடைக்கும் அவசர சிகிச்சை அல்ல.

அரசாங்க மானியத்தோடு சந்தையில் வாங்கிக்கொள்ளலாம் என்பது அடுத்த பதில். அதற்கும் டெக்சாஸ் கணக்கு ஒன்று இருக்கிறது. அங்கே குறைந்தபட்ச ஊதியம் மணிக்கு 7.25 டாலர். வாரம் 29 மணி வீதம் 52 வாரமும் லீவே போடாமல் உழைத்தால் வருஷத்துக்கு 10,933 டாலர் வரும். தனி நபருக்கான 2025-ம் வருட வறுமைக் கோடு 15,650 டாலர். மானியம் கிடைக்கப் பொதுவாக அந்தக் கோட்டைத் தொட்டிருக்க வேண்டும். அதற்குக் கீழே இருப்பவர்களை ஏழைகளுக்கான மெடிக்கெய்ட் பார்த்துக்கொள்ளும் என்பதுதான் ஒபாமாகேர் போட்ட திட்டம். ஆனால் மெடிக்கெய்டை விரிவாக்குவது மாநிலங்களின் விருப்பம் என்று 2012-ல் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. டெக்சாஸ், புளோரிடா உட்பட 10 மாநிலங்கள் அதை முழுமையாக ஏற்கவில்லை. ஆகவே டெக்சாஸில் குழந்தையில்லாத, ஊனமில்லாத ஒரு 29 மணி நேரத் தொழிலாளிக்கு முதலாளியும் இல்லை, மெடிக்கெய்டும் இல்லை, மானியமும் இல்லை. மானியம் வாங்கும் அளவுக்கு அவர் பணக்காரர் இல்லை!

கல்லூரிகளும் இதற்கு விலக்கல்ல. பாடத்துக்கு இவ்வளவு என்று கூலி வாங்கும் பகுதி நேர ஆசிரியர்களுக்கு மணியை எப்படி எண்ணுவது? வகுப்பில் ஒரு மணி நேரம் என்றால் தயாரிப்பு, திருத்தல் எல்லாம் சேர்த்து இரண்டே கால் மணி நேரமாகக் கணக்கிடலாம் என்று 2014-ல் விதி வந்தது. 12 மணி நேர வகுப்பு என்றால் 27. கோட்டுக்குக் கீழேதான். விடிய விடிய விடைத்தாள் திருத்துகிறவர்களுக்கு இந்தப் பெருக்கல் எவ்வளவு பொய் என்று தெரியும்.

வேறு வழியே இல்லையா என்றால், அமெரிக்காவுக்குள்ளேயே இருக்கிறது. ஹவாய் மாநிலம் 1974-லேயே சட்டம் போட்டது. வாரம் 20 மணி நேரம், தொடர்ந்து நான்கு வாரம் வேலை பார்த்தால் முதலாளி இன்ஷூரன்ஸ் கொடுத்தாக வேண்டும். தொழிலாளியின் பங்கு சம்பளத்தில் ஒன்றரை சதவீதத்தைத் தாண்டக் கூடாது. நல்ல சட்டம்தான். ஆனால் கோடு 20-ல் இருந்தால் 19 மணி நேர வேலைகள் முளைக்கும். கோட்டை எங்கே போட்டாலும் அதற்கு ஒரு அங்குலம் கீழே ஆளை நிறுத்திவைக்கலாம் என்பதுதான் இதிலுள்ள சிக்கல்.

கோடே இல்லாமல் செய்ய முடியாதா? முடியும். முதியவர்களுக்கான மெடிக்கேர் திட்டத்துக்கு வரி பிடிக்கும்போது எந்த முதலாளியும் 30 மணி நேரம் ஆகட்டும் என்று காத்திருப்பதில்லை. முதல் டாலரில் இருந்தே தொழிலாளியிடம் 1.45 சதவீதம், முதலாளியிடம் 1.45 சதவீதம். இரண்டு வேலை என்றால் இரண்டு இடத்திலும் பிடித்தம். அந்த 25-ம் 25-ம் பெண்மணியின் இரண்டு சம்பளத்தையும் அரசாங்கம் இன்றைக்கே கூட்டிக்கொண்டுதான் இருக்கிறது. 65 வயதில் அவருக்குக் கிடைக்கப்போகும் வைத்தியத்துக்கு இந்தக் கூட்டல் செல்லும் என்றால், 40 வயதில் வருகிற நோய்க்கும் செல்ல வேண்டும். மணிக்கு இவ்வளவு என்று ஒவ்வொரு முதலாளியும் தன் பங்கைக் கட்டினால், 29-ல் நிறுத்துவதால் யாருக்கும் லாபம் இல்லை. ஷிப்ட் அட்டவணையும் கடையில் இருக்கும் வேலையைப் பார்த்துப் போடப்படும்.