ஏரிக்கரை வழியே ஒரு மிதிவண்டி உலா

மிதிவண்டிக்கு ஒரு நற்குணம் உண்டு. வேண்டிய இடத்தில் அது நிற்கும். காரில் செல்வோர் ஊரைக் கடந்து போகின்றனர். மிதிவண்டியில் செல்வோரோ ஊருக்குள் போகின்றனர். இத்தாலி நாட்டின் கிசாலோ குன்றில் கோயில் கொண்டுள்ள தேவமாதாவை, மிதிவண்டி ஓட்டுவோரின் பாதுகாவலியாகத் திருத்தந்தை பன்னிரண்டாம் பத்திநாதர் 1949-இல் அறிவித்தார். ஆதலின், ஸ்ரீபெரும்புதூரிலிருந்து ஒரகடம் வரை நாங்கள் மேற்கொண்ட சிறு உலாவுக்கும் அந்த அன்னையின் துணை இருந்தது என்றே கொள்கிறோம்.

தைத் திங்களில் ஒரு ஞாயிறு. காலைப் பூசை கண்டபின் நண்பர்கள் ஐவர் புறப்பட்டோம். நான்கு வண்டிகள் பால்காரர் ஓட்டும் பழைய கனத்த வகை. ஐந்தாவது, மலைப் பாதைக்கென்றே செய்யப்பட்ட கியர் வண்டி. அதன் சொந்தக்காரரான நண்பர் தலைக்கவசமும் கையுறையும் அணிந்து, இமயத்தின்மீது படையெடுப்பவர் போல முன்னே சென்றார். "அண்ணே, இந்தப் பக்கம் மலை என்றால் ஏரிக்கரைதான்!" என்று எங்களில் இளையவர் சொல்ல, சிரிப்பில் ஒரு பர்லாங்கு தூரம் மிதிக்க இயலாமற் போயிற்று.

ஸ்ரீபெரும்புதூர் இராமானுசர் அவதரித்த தலம். 1991 மே 21-ஆம் நாள் ராஜீவ் காந்தி உயிர்நீத்ததும் இங்கேதான். இன்று இப்பெயரைக் கேட்டதும் பலர் நினைவில் எழுவன தொழிற்சாலைகளே. 1998-இல் இருங்காட்டுக்கோட்டையில் ஹூண்டாய் கார்கள் உருவாகத் தொடங்கின. 2010-இல் ஒரகடத்தில் ரெனோ-நிசான் ஆலை திறக்கப்பட்டது. 2013-இல் ராயல் என்ஃபீல்டு ஆலையும் அங்கு வந்தது. 2006-இல் பெரும் ஆரவாரத்துடன் தொடங்கிய நோக்கியா கைப்பேசி ஆலையோ 2014-இல் கதவை மூடிற்று.

பெருஞ்சாலையை விட்டு இறங்கினோம். அது வேறோர் உலகம்! ஒருபுறம் ஆவாரையும் காரையும் சூரையும் அடர்ந்த முட்காடு. மறுபுறம் நீர் ததும்பும் பிள்ளைப்பாக்கம் ஏரி. பனைகள் வரிசையாய் நின்றன. நத்தைகொத்தி நாரைகள் சேற்றில் நின்று தவம் செய்தன. முன்னைய செங்கற்பட்டு மாவட்டத்தை ஏரி மாவட்டம் என்பார்கள். ஓர் ஏரி நிறைந்தால் கலங்கல் வழியே அடுத்ததற்கு நீர் போகும். ஸ்ரீபெரும்புதூர், பிள்ளைப்பாக்கம் ஏரிகளின் உபரிநீர் செம்பரம்பாக்கத்தைச் சேர்ந்து, சென்னை மாநகரின் தாகத்தைத் தணிக்கிறது.

கரைமேல் கியர் வண்டி பறந்தது. மறுகணம் "உஸ்" என்றொரு சத்தம்! சீமைக்கருவேல முள் தன் கடமையைச் செய்துவிட்டது. பால்காரர் வண்டிகள் நான்கும் வெற்றி நடை போட, மலை வண்டியைத் தள்ளிக்கொண்டே சாலையோரப் பஞ்சர் கடையை அடைந்தோம். கடைக்காரர் டியூபைத் தண்ணீர்த் தொட்டியில் அமுக்கி, குமிழி வரும் இடத்தைத் தேடலானார்.

பக்கத்துத் தேநீர்க் கடையில் மூன்று இளம்பெண்கள் நின்றிருந்தனர். கைப்பேசி உறுப்புகள் செய்யும் ஆலையில் வேலை. மூவரும் தூத்துக்குடிப் பக்கத்தவர். "எங்கிருந்து அண்ணா வாறீங்க?" என்று ஒருத்தி கேட்டாள். ஏரிக்கரையிலிருந்து என்றோம். "இங்க ஏரி இருக்கா?" என்று வியந்தாள். வந்து இரண்டு ஆண்டுகள் ஆகின்றனவாம். விடுதியிலிருந்து ஆலைக்குப் பேருந்து. ஆலையிலிருந்து விடுதிக்குப் பேருந்து. ஞாயிற்றுக்கிழமை துணி துவைக்கவும் தூங்கவுமே சரியாகிவிடும். கிறிஸ்துமஸ் இரவிலும் வேலை முறை இருந்ததால், சென்ற இரு ஆண்டும் பாலன் இயேசுவின் குடிலைக் கைப்பேசியில்தான் பார்த்தாளாம். எங்கள் சிரிப்பு அடங்கிற்று.

வண்டி சீரானதும், "ஒரு சுற்று ஓட்டலாமா அண்ணா?" என்றாள். மேனிலைப் பள்ளியில் படிக்கையில் அரசு வழங்கிய விலையில்லா மிதிவண்டியில் நாள்தோறும் பள்ளிக்குச் சென்றவளாம். எங்கள் நண்பர் கியர் மாற்றும் விதத்தை விளக்கி முடிப்பதற்குள் அவள் கரைமேல் ஏறிவிட்டாள்! தோழியர் கைதட்டினர். நாரைகள் எழுந்து பறந்தன. திரும்பி வந்தபோது அவள் முகத்தில் இருந்த மகிழ்ச்சியை எழுத எங்களுக்குச் சொற்கள் இல்லை.

நண்பகலில் ஒரகடம் சேர்ந்தோம். வழிநெடுக எங்கள் பேச்சு அப்பெண்ணைப் பற்றியே இருந்தது. 2024 ஆகஸ்டில் வல்லம் வடகாலில் மட்டும் 18,720 பெண்கள் தங்கத்தக்க விடுதியைச் சிப்காட் நிறுவனம் திறந்தது. உறங்க இடம் கிடைத்தது நன்றே. ஆனால் உறவென்று சொல்ல ஒரு வீடு? அதை எந்த நிறுவனமும் கட்டித்தர இயலாது.

நல்ல சமாரியர் உவமையில், அடிபட்டுக் கிடந்தவனைக் கண்டவர் மூவர், நின்றவர் ஒருவரே. அன்பு வாசகர்களே, உங்கள் பங்கில் ஞாயிறு பூசையின்போது கடைசி வரிசையில் அறிமுகமில்லாத இளையோர் சிலர் நிற்கக்கூடும். பூசை முடிந்ததும் சற்று நின்று, எந்த ஊர் என்று கேளுங்கள். அன்று உங்கள் வீட்டு உலையில் இன்னும் ஒரு பிடி அரிசி சேரட்டும்.