பங்குக் கிணறு

யாழ்ப்பாணத்துத் தீவுப்பகுதியில், வேலணையில் எங்கள் வளவுக்கும் சின்னம்மாவின் வளவுக்கும் இடையில் ஒரு கிணறு இருக்கிறது. வேலி அதன் நடுவால் போகிறது. பாதி வட்டம் எங்களுக்கு, பாதி வட்டம் அவருக்கு. உறுதியில் கிணற்றுப் பங்கு, வழி வாய்க்கால் என்று தாத்தா காலத்திலேயே தெளிவாக எழுதிவைத்திருக்கிறார்கள். அந்தக் கிணற்றுத் தண்ணீரை 2023ஆம் ஆண்டு நான் கெடுத்தேன். தெரியாமல் செய்துவிட்டேன் என்று சொல்ல எனக்கு வழியில்லை. தெரிந்துதான் செய்தேன். கேட்டவருக்குப் பொய்யும் சொன்னேன்.

1990இல் போரால் தீவுப்பகுதி இடம்பெயர்ந்தபோது நாங்களும் வெளிக்கிட்டோம். அடுத்த வருடம் கனடா போய்ச் சேர்ந்தேன். ஸ்காபரோவில் முப்பத்தொரு வருடம் வேலை செய்து, ஓய்வூதியம் வந்ததும் 2023 தை மாதம் ஊரோடு வந்து இருந்துவிட்டேன். வரும் முன் எல்லா ஆயத்தமும் செய்தேன். இரட்டைக் குடியுரிமைக்கு எழுதினேன். நீரிழிவுக் குளிசையை மூன்று மாதத்துக்குக் கட்டிக்கொண்டேன். 2022இல் மணிக்கணக்காக மின்சாரம் நின்ற கதையும், பெற்றோலுக்குக் கியூ.ஆர். கோட் காட்டி வரிசையில் நின்ற கதையும் கேட்டிருந்ததால் வீட்டுக்கு இன்வேட்டர் போட்டேன். கட்டுநாயக்காவில் இறங்கி வானில் வருவதா, கோட்டையில் யாழ்தேவி ரயில் ஏறுவதா, சென்னை போய்ப் பலாலிக்குப் பறப்பதா என்று வாரக்கணக்காக விசாரித்தேன். திரும்பி வந்து இருக்க நினைக்கிற எல்லாரும் இதைத்தான் கேட்கிறார்கள்: விசா, வங்கி, லைசன்ஸ், ஆஸ்பத்திரி, நுளம்பு. தண்ணீரைப் பற்றி நான் ஒருவரையும் கேட்கவில்லை. அது கிணற்றில் இருக்கிறதுதானே என்று விட்டுவிட்டேன்.

புது வீட்டில் நாலு குளிப்பறை வைத்தேன். மேலே இரண்டாயிரம் லீற்றர் தாங்கி. கிணற்றுக்குள் இறக்குகிற மோட்டர். முற்றத்தில் புல்லுத்தரை, அதற்குச் சுற்றிச் சுற்றித் தெளிக்கிற குழாய். முன்பு அந்த முற்றம் வெள்ளை மணலாக இருந்தது, அம்மா விடியற்காலையில் ஈர்க்குமாறால் கூட்டிக் கோலம்போல வரி விடுவார். அந்த மணலின் மேல் நான் புல்லை விரித்தேன். தாங்கி நாளுக்கு மூன்று முறை நிறைந்தது. அதாவது ஆறாயிரம் லீற்றர். வேலிக்கு அந்தப் பக்கம் சின்னம்மா அள்ளியது பத்து வாளிக்கு மேல் இராது.

யாழ்ப்பாணத்தில் ஆறு கிடையாது. வழுக்கையாறு என்று ஒன்று மாரியில் மட்டும் ஓடும். ஐப்பசி, கார்த்திகை, மார்கழியில் பெய்கிற மழை சுண்ணாம்புக்கல்லின் வெடிப்புகளுக்குள் இறங்கி, அடியில் கிடக்கும் கடல்நீரின் மேல் ஒரு வில்லைபோல மிதக்கும். அந்த வில்லையைத்தான் தையிலிருந்து புரட்டாதி வரை குடிக்கிறோம். தீவுகளில் அந்த வில்லை இன்னும் மெல்லியது. இதை 1976இல், உயர்தர வகுப்பில், எங்கள் புவியியல் ஆசிரியர் வெண்கட்டியால் கரும்பலகையில் வரைந்து காட்டினார். கடல்மட்டத்துக்கு மேலே ஓரடி நன்னீர் நின்றால் கீழே நாற்பதடி நன்னீர் நிற்கும். மேலே ஓரடி தாழ்ந்தால் கீழிருந்து சவர் நாற்பதடி எழும்பும். ஒரு டச்சுக்காரரும் ஒரு ஜேர்மனியரும் வேறுவேறு காலத்தில் தனித்தனியே கண்ட கணக்கு என்றார். பிறகு எங்களைப் புத்தூர் நிலாவரைக்குக் கூட்டிப்போய், அந்தக் கிணற்றில் மேலே நல்ல தண்ணீர், ஆழத்தில் உப்புத் தண்ணீர் என்று விளங்கப்படுத்தினார். அந்தப் பாடத்தைச் சோதனையில் எழுதிப் புள்ளி வாங்கியவன் நான்.

அது மட்டுமில்லை. கனடாவில் குளிர் கடுமையான ஒரு வருடம் குடும்பத்தோடு மெக்சிக்கோவின் யுகட்டான் குடாநாட்டுக்குப் போயிருந்தோம். அதுவும் எங்கள் ஊர்போலச் சுண்ணாம்புக்கல். அதன் வடபாதியில் தரைக்கு மேலே ஆறு ஓடாது. நிலம் இடிந்து விழுந்த குழிகளில் நிலத்தடி நீர் தெரியும், செனோட்டே என்பார்கள். இறங்கும் முன் குளித்துவிட்டு வரச் சொன்னார்கள், உடம்பில் பூசிய வெயில் களிம்பு தண்ணீரில் கலக்கக்கூடாதாம். வழிகாட்டிப் பெடியன் தண்ணீருக்குள் லைற் அடித்து, நன்னீரும் கடல்நீரும் சந்திக்கிற இடத்தைக் காட்டினான். எண்ணெயும் தண்ணீரும் கலந்ததுபோல அந்த இடம் மட்டும் மங்கி நெளிந்தது. கரையோர ஹோட்டல்களும் வெளிநாட்டுக்காரர் வாங்கும் வீடுகளும் இந்தத் தண்ணீரைத்தான் இழுக்கின்றன என்று அவன் கவலையோடு சொன்னான். நான் என் பிள்ளைகளுக்கு நிலாவரையைப் பற்றிப் பெருமையாகச் சொன்னேன். அங்கே நின்று அடுத்தவன் ஊர்த் தண்ணீருக்காக இரங்கினேன். அந்த மனிதன்தான் வேலணைக்கு வந்து புல்லுக்குத் தண்ணீர் அடித்தான்.

வைகாசி முடிவில் ஒருநாள் சின்னம்மா வேலியடியில் நின்று கூப்பிட்டார்.

“மோனை, தண்ணி கொஞ்சம் சவர்க்கிறமாதிரிக் கிடக்கு. பருப்பு வேகுதில்லை. உங்கட பக்கம் எப்பிடி?”

“வெய்யில் கடுமையெல்லோ சின்னம்மா. எல்லாற்ற கிணறும் இப்பிடித்தானாம்.”

“மோட்டர் கனநேரம் போடுறியளோ?”

“சீ, காலமை ஒரு அரை மணித்தியாலம்தான்.”

நான் ஒருவருடைய கிணற்றையும் விசாரித்திருக்கவில்லை. மோட்டர் அரை மணித்தியாலத்தோடு நின்றதும் இல்லை. அன்று மாலை நான் செய்ததுதான் இன்னும் மோசம். பகலில் மோட்டர் ஓடினால் அவருக்குத் தெரியும் என்று, இரவு பதினொரு மணிக்குப் பிறகு ஓடும்படி நேரம் வைத்தேன். பழைய மண்ணெண்ணெய் இறைப்பு மெசின்போல இது சத்தம் போடாது. கட்டிலில் படுத்துக் காதைக் கொடுத்தால், தாங்கிக்குள் தண்ணீர் விழுகிற ஓசை மட்டும் மெல்லக் கேட்கும். அதைக் கேட்டுக்கொண்டு நான் நித்திரை கொண்டேன்.

துலாவால் அள்ளிய காலத்தில் கிணற்றுக்கு மூச்சுவிட நேரம் இருந்தது. பட்டை மேல்தண்ணீரைக் கோலும், அடுத்த பட்டைக்குள் ஊற்று நிரப்பும். மோட்டர் ஒரே மூச்சாக உறிஞ்சும்போது, அந்த இடத்துக்கு நேர் கீழே சவர் கூம்புபோல எழும்பி வரும். வந்தால் லேசில் இறங்காது. ஆவணியில் நல்லூர்த் திருவிழாவுக்கென்று ரொறன்ரோவிலிருந்தும் பாரிசிலிருந்தும் பதினொரு பேர் வந்து எங்கள் வீட்டில் நின்றார்கள். நாலு குளிப்பறையும் ஓயவில்லை. அவர்களுக்குக் குடிக்க நான் கடையில் போத்தல் தண்ணீர் பெட்டி பெட்டியாக வாங்கினேன். கிணற்றுத் தண்ணீரை நாங்கள் ஒருவரும் வாயில் வைக்கவில்லை. அதனால் அது எவ்வளவு மாறிவிட்டது என்பதே எங்கள் நாக்குக்குத் தெரியவில்லை.

விருந்தாளிகள் போன பிறகு ஒருநாள் சின்னம்மா வீட்டுக் குசினிக்குள் போனேன். குடிதண்ணீர்ப் பானை மணலில் இருந்தது. நான் சிறுவனாக இருந்தபோதும் அதே மூலையில்தான் இருக்கும், வெளிப்புறம் எப்போதும் கறுத்துக் குளிர்ந்து வியர்த்திருக்கும். இப்போது அந்தப் பானையின் வயிறு முழுக்க வெள்ளையாக உப்புப் பூத்திருந்தது. விரலால் தடவினேன், மாவாக ஒட்டியது. வெளியே முருங்கைக் கன்றின் இலைகள் ஓரம் கருகிச் சுருண்டிருந்தன. எழுபத்தெட்டு வயதுக்காரி அந்தத் தண்ணீரில்தான் தேத்தண்ணி வைத்துக் குடித்துக்கொண்டிருந்தார். அவருக்குப் பிரஷர் இருக்கிறது. உப்பைக் குறைக்கச் சொல்லி டொக்டர் எழுதிக் கொடுத்த துண்டு அலுமாரிக் கண்ணாடியில் ஒட்டியிருந்தது.

அங்கேயே நின்று சொன்னேன். இரவில் மோட்டர் போட்டது நான்தான், உங்களுக்குப் பொய் சொன்னேன் என்றேன்.

அவர் அடுப்பை விட்டு நிமிரவில்லை. “தெரியும் மோனை. விடியக் கிணத்துக் கட்டில ஈரம் ஒரு முழத்துக்கு மேல நிக்கும். ராவில நான் அள்ளேல்லை.”

“அப்ப ஏன் கேக்கேல்லை?”

கொஞ்சநேரம் பேசாமல் இருந்தார். பிறகு முகட்டைக் காட்டினார். அந்த ஓடு 2010இல் நான் அனுப்பிய காசில் போட்டது. கண் ஒப்பரேசனுக்கும் நான்தான் அனுப்பினேன். “உன்னட்டை என்னெண்டு கேக்கிறது?” என்றார்.

முப்பது வருடமாக அனுப்பிய காசை நான் அன்பு என்றுதான் நினைத்திருந்தேன். அது அன்புதான். ஆனால் என் அடுத்த வீட்டில் இருந்த, எனக்குச் சோறு ஊட்டிய மனுஷி, தன் கிணற்றுப் பங்கைக் கேட்கவும் வாய் திறக்க முடியாதபடி அதே காசு செய்திருந்தது. உறுதியில் பாதிக் கிணறு அவருடையது. நான் ஒரு சொல் பேசாமல் முழுதையும் எடுத்துக்கொண்டேன், அவரும் ஒரு சொல் பேசாமல் விட்டுவிட்டார். வெளிநாட்டிலிருந்து வந்து இருக்கிற எங்களில் பலருடைய அயலில் இந்த மௌனம் இருக்கிறது என்று இப்போது நினைக்கிறேன். எங்கள் மதில் உயர்ந்தால் ஒருவரும் கேட்பதில்லை. மலசலகூடக் குழியை அடுத்தவர் கிணற்றுக்குக் கிட்ட வெட்டினாலும் கேட்பதில்லை.

மோட்டரைக் கழற்றினேன். புல்லைக் கிளப்பினேன். இரண்டு குளிப்பறையைப் பூட்டிவிட்டேன். கப்பியும் வாளியும் பூட்டி நானும் கையால் அள்ளுகிறேன். கூரைத் தண்ணீரைக் கிணற்றடிக் குழிக்குள் இறக்கப் பீலி வைத்தேன். குடிதண்ணீர் பவுசரில் வருகிறது. ஒழுங்கையில் நீலக் கான்களை வரிசையாக வைத்துக் காத்து நிற்போம், சின்னம்மாவின் கானை நான் தூக்கி வருவேன். தாளையடியில் 2024 ஓகஸ்ட்டில் கடல்நீரை நன்னீராக்கும் ஆலையைத் திறந்தார்கள், ஒருநாளைக்கு 24,000 கனமீற்றர். குழாய்த் தண்ணீர் எல்லாருக்கும் கிடைக்க வேண்டும், அதில் எனக்கு மறுபேச்சில்லை. ஆனால் நான் கெடுத்தது இந்தக் கிணறு.

நான் வந்த பிறகு மாரி இரண்டு போய்விட்டது. கார்த்திகையில் தண்ணீர் நன்றாக ஏறும், நாங்கள் இருவரும் நம்பிக்கையோடு பார்ப்போம். சின்னம்மா ஒவ்வொரு விடியலிலும் முதல் வாளியில் ஒரு கை அள்ளி வாயில் விட்டுப் பார்க்கிறார். கொஞ்சம் வைத்திருந்துவிட்டு வேலியோரம் துப்புகிறார். மிச்சத்தை முருங்கையடியில் ஊற்றாமல், முற்றத்து மணலில் ஊற்றிவிட்டு உள்ளே போகிறார்.