அடித்த எண்ணும் அழித்த எண்ணும்

துப்பாக்கியைப் பற்றி எழுதத் தோட்டக் கிராணிக்கு என்ன தகுதி என்று நேயர்கள் கேட்கலாம். யாதொரு தகுதியுமில்லை, அதனை நாம் கையால் தொட்டதுமில்லை. ஆயினும் எண்களை எழுதியே வயிறு வளர்ப்பவர் நாம். செம்பனைக் குலையின் காம்பில் வெட்டியவரின் எண் இருக்கும். குலை பழுக்காததாயின் அவ்வெண்ணைக் கொண்டே ஆளைப் பிடிப்பார்கள். ஆதலால் எண் பொறித்த பொருள் எதுவாயினும் அதன்மேல் நமக்கொரு கண் உண்டு.

இரண்டாம் உலக யுத்தத்தில் பிரிட்டிஷ் படையின் குறிகாரச் சிப்பாய்களுக்கு அளிக்கப்பட்டது 'நான்காம் எண் டி' என்னும் லீ என்ஃபீல்டு துப்பாக்கி. குறிபார்ப்பதற்கு அதன்மேல் ஏற்றிய தொலைநோக்கி 32-ஆம் எண்ணுடையது. தொலைநோக்கியின் குழலில் அதன் வகை, செய்தவர் குறியெழுத்து, ஆண்டு, தனி எண் ஆகியவற்றோடு அரசாங்கச் சொத்தென்பதற்கு அடையாளமாக ஓர் அம்புக்குறியும் இருக்கும். வேடிக்கை இனித்தான். தொலைநோக்கியைத் தாங்கும் இரும்புத் தாங்கியில் துப்பாக்கியின் எண்ணை அடித்தார்கள். துப்பாக்கியின் மரக்கட்டைக் கழுத்திலோ தொலைநோக்கியின் எண்ணை அடித்தார்கள். ஒன்றின் பேரேட்டில் மற்றொன்றின் பற்று! காரணம் யாதெனின், அவ்விரண்டையும் கையால் இழைத்துப் பொருத்தி, சுட்டுப்பார்த்து ஒன்றுக்கொன்று இசைவித்திருந்தனர். ஜோடி மாறினால் குண்டு வேறிடம் போகும்.

ஆலைகளின் பெயரைப் பெரும்பாலும் மறைத்தே பொறித்தார்கள். 'எம் 47 சி' என்றால் பி.எஸ்.ஏ. கம்பெனியின் ஷெர்லி ஆலை. 'எஸ் 51' என்றால் இவற்றுட் பெரும்பாலானவற்றுக்குத் தொலைநோக்கி பொருத்திய ஹாலண்ட் அண்டு ஹாலண்ட். 1940 நவம்பரில் அதே பி.எஸ்.ஏ.யின் பர்மிங்காம் ஆலையில் குண்டு விழுந்து 53 தொழிலாளர் மாண்டதை அறிந்தவர்க்கு இம்மறைவின் அவசியம் விளங்கும். நாம் படித்த ஆங்கிலப் பள்ளியில் அந்நாட்டு அரசர் பெயர்களையெல்லாம் ஒப்பித்தோம். இவ்வைம்பத்து மூவரைப் பற்றி ஒரு வரியும் கேட்டதில்லை.

தொலைநோக்கி பழுதாகி வேறொன்று மாட்டினால், படைப் பட்டறைக்காரர் கட்டையிலிருந்த பழைய எண்ணைச் சுரண்டி எடுப்பதில்லை. அதன் குறுக்கே ஒரு கோடு வெட்டி, அருகில் புது எண்ணை அடிப்பர். பழையதும் படிக்கும்படியாகவே இருக்கும். கணக்குப் புத்தகத்தில் பிழை திருத்தக் கிராணிக்கு முதல் நாள் சொல்லிக்கொடுப்பதும் இம்முறைதான்.

இன்று அப்பொருள்களைச் சேகரிக்கும் செல்வர்கள் ஜோடி கலையாத துப்பாக்கிக்கே அதிக விலை தருகின்றனர். ஆதலால், கிடைத்த கட்டையை இழைத்து, கையிலுள்ள தொலைநோக்கியின் எண்ணைப் புதிதாக அடித்து விற்கும் எத்தர்களும் தோன்றிவிட்டனர். இழைத்த மரம் அவ்விடத்தில் பள்ளமாயிருக்கும். புது அச்சின் ஓரம் கூராயிருக்கும். விலை ஒருபுறமிருக்க, இரண்டு எண்கள் வெட்டுண்டு மூன்றாவது எண் நிற்கும் கட்டையொன்றையே நாம் கண்ணால் காண விரும்புகிறோம்.