தம்பிக்கு ஒரு கடிதம்

ஓல்போர்க், டென்மார்க்,
ஞாயிற்றுக்கிழமை

அன்புள்ள தம்பி செல்வத்துக்கு,

ஓவியமா சிற்பமா என்று கல்லூரியில் எழுதிக்கொடுக்க வேண்டுமாம். அப்பா ஓவியம்தான் என்கிறார், நீ உளியைக் கீழே வைக்க மனசில்லாமல் சரியாகச் சாப்பிடுவதுகூட இல்லை என்று அம்மா போனில் சொன்னாள். அதே நினைப்போடு இன்று இங்குள்ள குன்ஸ்டன் அருங்காட்சியகத்துக்குப் போனேன். ஃபின்லாந்துக்காரர் ஆல்வார் ஆல்ட்டோ வடிவமைத்து 1972-இல் திறந்த வெள்ளைச் சலவைக்கல் கட்டடம். மேலிருந்து இறங்கும் வெளிச்சத்தில் படங்கள் பளிச்சென்று தெரிகின்றன.

அங்கே ஹென்றி ஹேரூப்பின் ஓவியத்தைப் பார்த்ததும் உன் ஞாபகம்தான். 1907-இல் பிறந்தவர். கோபன்ஹேகன் கலை அகாதமியில் அவர் முக்கியமாகப் படித்தது ஓவியம். ஆனால் வாழ்நாள் முழுக்கக் கருங்கல்லை விடவில்லை. திறந்தவெளியில் உட்கார்ந்து செதுக்குவார். கல் எப்படி உருண்டிருக்கிறதோ அந்தப் போக்கிலேயே முகமோ உடம்போ எடுப்பார், அதிகம் வெட்டமாட்டார். செதுக்கிய பள்ளங்களில் சிவப்பும் நீலமும் பூசியும் விடுவார். அந்தக் கல்லை ஓவியம் என்பாயா, சிற்பம் என்பாயா? வீட்டில் கழித்துப்போட்ட மரத்துண்டு, தகரம் எல்லாமும் அவர் கையில் சிற்பமாயின.

இப்படி ஒருவரைப் பார்க்க டென்மார்க் வரை வரவேண்டியதே இல்லை. உன் கல்லூரியிலேயே தனபால் இருந்தார். 1919-இல் மயிலாப்பூரில் பிறந்து, ராய் சௌத்ரியிடம் ஓவியம் பயின்றவர். பிறகு சிற்பத்துக்கு வந்து ஔவையாரையும் பெரியாரையும் வடித்தார், அங்கேயே முதல்வராகவும் ஆனார். அவருடைய ஆசிரியர் மட்டும் என்ன? கல்கத்தாவில் அவனீந்திரநாத் தாகூரிடம் தூரிகை பிடித்துப் பழகிய ராய் சௌத்ரிதானே மெரினாவில் நிற்கும் உழைப்பாளர் சிலையைச் செய்தார்! கோடு போட்டுப் பழகிய கை மண்ணைத் தொட்டால் அந்தக் கோடு வீணாகாது. ஹேரூப்பைப் பார்த்தபோது எனக்கு உறுதியானது இதுதான்.

எழுதிக்கொடுப்பதற்கு முன் ஒருநாள் விடியற்காலையில் மெரினாவுக்குப் போ. அந்தச் சிலையில் பாறையைப் பெயர்க்கும் நாலு பேரையும் முன்னால் நின்று பார்க்காதே, பின்னால் போய் முதுகைப் பார். நோட்டுப் புத்தகத்தில் வரைந்து எனக்கு அனுப்பு.

அப்பாவிடம் நான் பேசிக்கொள்கிறேன். நீ சிற்பம் என்றே எழுதிக்கொடு. வேளாவேளைக்குச் சாப்பிடு.

அன்புடன்,
அக்கா