பாதி படித்துவிட்டுப் பேசியவன்

முழுசாகப் படிக்காத நாவல் ஒன்றை ஊரெல்லாம் புகழ்ந்து திரிந்திருக்கிறேன். பி. டி. ஜேம்ஸ் எழுதி 1992இல் வந்த ‘தி சில்ட்ரன் ஆஃப் மென்’. மேடையில் பேசினேன், சிறுபத்திரிகையில் எழுதினேன், கேட்டவர்களையெல்லாம் வாங்கச் சொன்னேன். படித்திருந்ததோ முதல் பாகம் மட்டும். மிச்சத்தை அல்ஃபோன்சோ குவாரோன் 2006இல் எடுத்த படத்தை வைத்து ஒப்பேற்றினேன்.

கதைக்கரு அப்படிப்பட்டது. 1995க்குப் பிறகு பூமியில் ஒரு பிள்ளைகூடப் பிறக்கவில்லை. 2021 புத்தாண்டு நாளில், கடைசியாகப் பிறந்தவன் பியூனஸ் அயர்ஸ் பக்கம் மதுக்கடைச் சண்டையில் சாகிறான். இங்கிலாந்தில் பெண்கள் பொம்மையைத் தள்ளுவண்டியில் வைத்து உலா போகிறார்கள். பூனைக்குட்டிக்கு ஞானஸ்நானம் நடக்கிறது. இதைச் சொன்னால் போதும், கூட்டம் வாயடைத்துப்போகும். சொல்கிறவனுக்குப் பெரிய வாசகன் என்ற பேரும் சும்மா கிடைக்கும். எனக்கு அந்தப் பேர் வேண்டியிருந்தது.

ஒரு கூட்டம் முடிந்ததும் கல்லூரி மாணவி ஒருத்தி வந்தாள். “சார், குழந்தையைப் பார்த்து சிப்பாய்ங்க சுடறதை நிறுத்துவாங்கன்னு சொன்னீங்களே, அது நாவல்ல எங்க வருது? தேடித் தேடிப் பார்த்தேன், கிடைக்கல.”

அது படத்தில்தான் வருகிறது. அப்போதே எனக்குச் சந்தேகம். ஆனாலும், “உங்க பதிப்புல விட்டிருப்பாங்கம்மா” என்றேன், வாய் கூசாமல்.

அப்புறம்தான் இரண்டாம் பாகத்தைத் திறந்தேன். முதல் பாகத்தில் சவுத்வோல்ட் கடற்கரைக் காட்சி ஒன்று உண்டு. வெள்ளுடை உடுத்திய கிழவிகளை, பாண்டு வாத்தியம் முழங்க, மூழ்கடிப்பதற்காகப் படகேற்றுகிறார்கள். விருப்பச் சாவு என்று அரசாங்கம் சொல்கிறது; தப்பிக்கப் பார்க்கும் ஹில்டா என்ற கிழவியைச் சிப்பாய் அடிக்கிறான். ஜேம்ஸ் மருத்துவமனை நிர்வாகத்திலும் உள்துறையிலும் வேலை பார்த்தவர். ஒரு கொலையைக் கோப்பில் வைத்து ஒழுங்காக நடத்துவது எப்படி என்று அவருக்குத் தெரிந்திருக்கிறது. அதே கை பின்பாதியில் தளர்ந்துவிட்டது. சர்வாதிகாரத்தை எதிர்க்கக் கிளம்பிய குழுவில் ஐந்தே பேர். அவர்களுடைய கோரிக்கைகளும் சோனி. கார், காடு, ஒளிந்துகொள்ளல் என்று பக்கங்கள் நகர்கின்றன. அந்தக் குழுவிலுள்ள ஜூலியன் என்ற பெண் மேல் கதாநாயகன் தியோவுக்குக் காதல் ஏன் வந்தது என்று கடைசிவரை விளங்கவில்லை. நாட்டை ஆள்பவன் தியோவின் உறவுக்காரன். அதனால் மனிதகுலத்தின் கதியே கடைசியில் குடும்பச் சண்டையாகச் சுருங்கிப்போகிறது.

இன்னொரு அசிங்கமும் இருக்கிறது. படத்தில் கருத்தரிக்க முடியாமல் போவது பெண்களுக்கு. நாவலில் வற்றிப்போவது ஆண்களின் விந்து. பெண்ணுடல் மீதான ஆழ்ந்த பார்வை என்று இந்த நாவலைப் பற்றி ஒரு பத்தியே எழுதியிருக்கிறேன். அச்சிலும் வந்தது. யாரும் கேட்கவில்லை. நானும் திருத்தம் அனுப்பவில்லை.

அந்த மாணவியைத் தேடி உண்மையைச் சொல்லியிருக்கலாம், சொல்லவில்லை. அடுத்த கூட்டத்திலும் இதே நாவலைத்தான் பேசினேன், முதல் பாதியை மட்டும். கேள்வி நேரம் வேண்டாம் என்று அமைப்பாளரிடம் முன்கூட்டியே சொல்லிவைத்திருந்தேன்.