சிறு வண்டியும் பெருங் கவனமும்

1898ஆம் ஆண்டில் நியூயார்க்கு நகரில் நிக்கோலா டெஸ்லா என்னும் அறிஞர் ரேடியோ அலைகளால் ஒரு சிறு படகைத் தூரத்தினின்று இயக்கிக் காட்டினார். அவ்வித்தையின் வழிவந்த விளையாட்டு மோட்டார் வண்டி ஒன்று என்னிடம் உண்டு. அதனை ஓட்டுதல் கால்மணி நேர இன்பம். பேணுதலோ அதனினும் நீண்ட கடமை.

ஓட்டம் முடிந்ததும் தூரிகையால் புழுதியைத் துடைப்பேன். தளர்ந்த திருகாணிகளை முடுக்குவேன். பற்சக்கரங்களிடையே மெல்லிய காகிதத் துண்டொன்றைச் செலுத்துவேன். அது கசங்கியும் கிழியாமல் வெளிவரின் இடைவெளி சரியென்று துணிவேன். இவற்றில் தவறின் நட்டம் வண்டிக்கே.

லித்தியம் பாலிமர் மின்கலமோ அத்தகையதன்று. அதன் ஒவ்வோர் அறையும் 4.2 வோல்ட்டுக்கு மேல் ஏறலாகாது. 3 வோல்ட்டுக்குக் கீழ் இறங்கலாகாது. ஓய்வுக் காலத்தில் ஏறக்குறைய 3.8 வோல்ட்டில் இருத்தல் நலம். உப்பிய கலத்திற்கு மின்னேற்றினால் அது தீப்பற்றி வீட்டையே எரிக்கக்கூடும். தம்பியர் உறங்கும் இல்லமாதலின், மின்னேற்றம் முடியுந்துணையும் யான் அவ்வறையை விட்டு அகல்வதில்லை. உப்பிய கலத்தை மீண்டும் வண்டியிற் பொருத்துவதுமில்லை.

மாணவ நண்பர்காள்! பிறர்க்குத் தீங்கு நேராவண்ணம் காத்தலும் விளையாட்டின் ஒரு பகுதியே அன்றோ?